மடியும் டிஎன்ஏ, தடுமாறும் பழுதுபார்ப்பு: கேள்வி பதில்

கேள்வி: டிஎன்ஏ என்றாலே இரட்டைச் சுருள்தானே? வேறு வடிவம் எங்கிருந்து வந்தது? (பிளஸ் டூ மாணவி)

பதில்: பெரும்பாலான இடங்களில் இரட்டைச் சுருள்தான். இழைகள் பிரியும் வேளையில், டிஎன்ஏவின் ஏ, சி, ஜி, டி எழுத்துகளில் ஒரே கோவை திரும்பத் திரும்ப வரும் இடங்களில்தான் சிக்கல். சிஏஜி அடுக்கு கொண்டை ஊசிபோல் மடியும். ஜிஏஏ அடுக்கு மூவிழையாகும். ஜி எழுத்து மிகுந்த பகுதி நான்கடுக்கு முடிச்சாகும்.

கேள்வி: மடிந்தால் என்ன? பழுதுபார்க்கப் புரதங்கள் இருக்கின்றனவே!

பதில்: வில்லங்கமே அவற்றால்தான். மரபுவழி மூளை நோயான ஹண்டிங்டன் நோயைப் பாருங்கள். எச்டிடி மரபணுவில் சிஏஜி 40 முறை அல்லது அதற்கு மேல் அடுக்கி வந்தால், வாழ்நாள் நீண்டால் நோய் வந்தே தீரும். எம்எஸ்எச்2, எம்எஸ்எச்3 என்ற இரு புரதங்கள் இணைந்து கொண்டை ஊசி மடிப்பைப் பிழையெனப் பிடிக்கின்றன. பின்னாலேயே வரும் எம்எல்எச் என்ற புரதக் கூட்டணி இழையை வெட்டுகிறது. வெட்டு மடிப்புக்கு எதிர் இழையில் விழுந்தால் போச்சு: இடைவெளியை நிரப்பும்போது மடிப்பிலுள்ள எழுத்துகளும் படியெடுக்கப்பட்டு அடுக்கு நீண்டுவிடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். எம்எஸ்எச்3 இல்லாத எலிகளில் இந்த நீட்சி பெருமளவு நின்றுவிடுகிறது.

கேள்வி: பிறவியிலேயே இருக்கும் கோளாறு நடுவயதில் தலைகாட்டுவது ஏன்?

பதில்: மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதி நரம்பணுக்களில் அடுக்கு ஆண்டுக்கணக்கில் மெல்ல நீள்கிறது, 80ஐத் தாண்டியதும் வேகமெடுக்கிறது. 150ஐத் தாண்டிய நரம்பணுக்களில்தான் மரபணுக்களின் இயக்கம் குலைகிறது என்று 2025இல் வெளியான ஆய்வு காட்டியது. ஃபேன்1 என்ற புரதம் இந்த நீட்சிக்குக் கடிவாளம் போடுகிறது. அது மரபுவழியில் பலவீனமாக இருப்பவர்களுக்கு நோய் முன்னதாகவே வருகிறது.

கேள்வி: அப்படியானால் எம்எஸ்எச்2ஐயே அடக்கிவிடலாமே? (மருந்தியல் மாணவர்)

பதில்: கூடவே கூடாது. அது பழுதானால் குடல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் லிஞ்ச் நோய்க்குறி வரும். எம்எஸ்எச்3ஐக் குறைப்பது அந்த அளவுக்கு ஆபத்தானதல்ல. மருந்தாய்வாளர்களின் கண் அதன்மேல்தான். ஆனால் அதன் இரு பிரதிகளும் பிறவியிலேயே பழுதானவர்களுக்குக் குடலில் கட்டிகள் முளைக்கின்றன. ஆகவே குறைக்கலாம், துடைத்தெறியக் கூடாது என்பது என் கட்சி.

கேள்வி: நான்கடுக்கு முடிச்சை யார் அவிழ்ப்பது?

பதில்: ஃபேன்க்ஜே, பிஃப்1 போன்ற ஹெலிகேஸ்கள், அதாவது டிஎன்ஏவைப் பிரித்து அவிழ்க்கும் புரதங்கள். ஃபேன்க்ஜேக்கு இணையான புரதம் இல்லாத சி. எலிகன்ஸ் புழுவில், ஜி வரிசைகள் உள்ள இடங்களில் டிஎன்ஏ துண்டு துண்டாகத் தொலைகிறது.

கேள்வி: என் மைத்துனருக்கு ஹண்டிங்டன் சோதனையில் சிஏஜி அடுக்கு 38 என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: 36 முதல் 39 வரை இருந்தால் நோய் வரவும் செய்யலாம், வராமலும் போகலாம். பிள்ளைகளுக்குப் போகும்போது, அதுவும் தந்தை வழியாகப் போகும்போது, அடுக்கு நீள வாய்ப்புண்டு. குழந்தை பெறும் எண்ணமிருந்தால் அதற்கு முன்பே தம்பதியாக மரபியல் ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள்.