மொரீஷியஸில் கடற்கரை வீடுகளை இப்போது எப்படிக் கட்டுகிறார்கள்? நம் ஊர்க் கடலோரத்துக்கு அது ஒத்துவருமா?

மொரீஷியஸில் கட்டுமானப் பொறியாளராக இருக்கிறேன், பெரும்பாலும் கிழக்குக் கரைப் பக்கம்தான் வேலை. சுருக்கமாகச் சொன்னால், இங்கே நல்ல வீடுகள் கடலை விட்டுத் தள்ளி, தாழ்வாக, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். ஒத்துவருமா என்றால், வரும். ஆனால் வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

முதலில் தூரம். ஓதம் ஏறும் கோட்டிலிருந்து 30 மீட்டர் விட்டுத்தான் கட்ட வேண்டும் என்பது இங்குள்ள திட்ட விதி. அந்த 30 மீட்டரை நஷ்டமாக நினைத்து, புல்தரை போட்டு, கடல் பக்கம் சுவரும் எழுப்புகிறவர்கள் உண்டு. எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். சுவரில் மோதித் திரும்பும் அலை முன்னால் இருக்கிற மணலை வாரிக்கொண்டு போய்விடும். கடைசியில் சுவர் நிற்கும், கடற்கரை இருக்காது.

பெல் மார் பக்கம் நான் வேலை பார்த்த ஒரு வீட்டில், கட்டடக் கலைஞர் அந்த மணலில் லாரி ஏறவே விடவில்லை. கயிறு கட்டித் தடுத்துவிட்டார். வீட்டுக்காரரும் தமிழர்தான், சண்டை போடாமல் ஒப்புக்கொண்டார். அங்கே படர்ந்திருப்பது நம் அடும்புக் கொடி. குனிந்து பார்த்தால் கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைத் தைத்த மாதிரி பிடித்திருக்கும். இங்கே ஃபிலாவ் என்கிற சவுக்கு நிழலுக்கு நல்லதுதான். ஆனால் அதன் சருகு மூடிய மணலில் மற்ற செடிகள் லேசில் முளைப்பதில்லை. கரை அரிக்கும்போது மரமே வேரோடு சாய்ந்துவிடும்.

அப்புறம் காற்று. தென்கிழக்குக் காற்று வருஷம் முழுக்க வீசும், ஜூன் முதல் செப்டம்பர் வரை ரொம்பப் பலமாக. அதனால் அந்த வீட்டில் தென்கிழக்கே எரிமலைக் கல்லால் ஒரு கனமான சுவர், அதன் மறைவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள். வடகிழக்கே கடலைப் பார்த்து ஆழமான தாழ்வாரம். பழைய பிரெஞ்சுக் காலத்து வீடுகளில் இருந்த 'வராங்க்' என்கிற தாழ்வாரம்தான் இப்போது கான்கிரீட்டில் திரும்பி வந்திருக்கிறது. கண்ணாடி உண்டு, ஆனால் தாழ்வார நிழலுக்குள்ளே, புயல் ஷட்டரோடு.

1960இல் கரோல் புயல் மரமும் தகரமும் ஓலையுமாக இருந்த ஏராளமான வீடுகளைத் தரைமட்டமாக்கியது. தட்டைக் கான்கிரீட் கூரை இங்கே எல்லா ஊரிலும் பரவியது அதன் பிறகுதான்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு கடல்கழியில் அள்ளிய பவள மணலைத்தான் கட்டடத்துக்குப் போட்டார்கள். 2001இல் அதை நிறுத்தி, கல்லை உடைத்த 'ராக்சாண்ட்' வந்தது. கடல் மணலில் இருக்கும் உப்பு உள்ளே கம்பியைத் தின்றுவிடும். திருகு, கீல் எல்லாம் உப்பைத் தாங்கும் 316 ரக எவர்சில்வரில் வாங்குங்கள், கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடாக்கைத் தாராளமாக விடச் சொல்லுங்கள்.

நம் ஊரில் திசைகள் மாறும். இங்கே வெயில் பெரும்பாலும் வடக்கிலிருந்து விழும், அங்கே தெற்கிலிருந்து. உங்கள் பக்கம் புயல் ஐப்பசி, கார்த்திகையில். சி.ஆர்.இசட். எனப்படும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தின் எல்லையை விசாரித்துவிட்டு, அந்த மாதங்களில் ஒருமுறை மனையில் போய் நின்று, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அலை எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். வரைபடம் போடச் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு.