இடிமழைக்குப் பின் லேன் கேபிள் வேலை செய்யாவிட்டால், மடிக்கணினியைக் கடைசியாகச் சந்தேகியுங்கள்

கேள்வி: நாங்கள் தலவாக்கலைக்கு அருகில் ஒரு தோட்டத்து லயத்தில் வசிக்கிறோம். இஸ்தோப்பு ஜன்னலில் வைத்தால்தான் எங்கள் 4ஜி ரவுட்டருக்குச் சிக்னல் கிடைக்கிறது. கொழும்பு நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்கிறேன். பின்னறைக்கு வைபை சரியாக எட்டாததால், 15 மீற்றர் லேன் கேபிளைக் கூரை மரத்தோடு இழுத்து மடிக்கணினியில் செருகிக்கொண்டேன். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. சென்ற வாரம் பெய்த இடிமழைக்குப் பின், தொலைபேசியில் வைபை வழமைபோல வேலை செய்கிறது. மடிக்கணினியில் கேபிளைச் செருகினால் ‘அன்ஐடென்டிஃபைட் நெட்வொர்க்’ (அடையாளம் தெரியாத வலையமைப்பு) என்று வருகிறது. செருகும் இடத்திலுள்ள சிறிய விளக்கு சில நேரம் எரிகிறது, சில நேரம் அணைகிறது. டவுன் கடையில் மதர்போட் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மதர்போட்டை மாற்றும் முடிவை ஓரிரு நாள் தள்ளிப்போடுங்கள். மின்னல் மடிக்கணினியின் கேபிள் வாயைக் கெடுக்கக்கூடும் என்பது உண்மைதான். ஆயினும் ரவுட்டரையும் கேபிளையும் பார்க்காமல், மடிக்கணினியை மட்டும் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்வது ஊகமே தவிர முடிவு அல்ல. நீங்கள் எழுதிய விபரங்களிலேயே இரண்டு நல்ல தடயங்கள் இருக்கின்றன.

முதலாவது, தொலைபேசியில் வைபை வேலை செய்வது. கோபுரத்திலிருந்து ரவுட்டர் வரையிலான இணைப்பு நன்றாக இருக்கிறது, டேட்டா முடிந்துவிடவில்லை, ரவுட்டரின் மூளையும் இயங்குகிறது என்ற மூன்றையும் அது ஒரே நேரத்தில் உறுதிப்படுத்துகிறது. எஞ்சியிருப்பவை நான்கு: ரவுட்டரின் கேபிள் வாய், கேபிளும் அதன் இரு முனைகளும், மடிக்கணினியின் கேபிள் வாய், மடிக்கணினிக்குள் இருக்கும் மென்பொருள் அமைப்பு. ரவுட்டரில் வைபைக்கும் கேபிள் வாய்களுக்கும் வெவ்வேறு மின்சுற்றுகள் இருப்பதால், ஒன்று கருகிப்போக மற்றையது எதுவுமே நடக்காததுபோல் இயங்கிக்கொண்டிருப்பது இடிமழைக்குப் பின் அடிக்கடி காணும் காட்சி. ஆகவே, வைபை வேலை செய்வதால் ரவுட்டர் முழுவதும் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது தடயமான அந்தச் சிறு விளக்கை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். இணையம், முகவரி, கடவுச்சொல் என்ற எந்தப் பேச்சுக்கும் முன்னர், கேபிளின் இரு முனைகளிலுள்ள கருவிகளும் மின் சமிக்ஞை மூலம் ஒன்றையொன்று அடையாளம் கண்டு, எந்த வேகத்தில் பேசுவது என்று உடன்படுகின்றன. அந்த உடன்பாடு நிலைத்தால் விளக்கு நிலையாக எரியும் அல்லது தரவு போகும்போது படபடவென்று மினுங்கும். சில விநாடிகள் எரிந்து முழுவதும் அணைந்து மீண்டும் எரிந்தால், உடன்பாடு ஏற்பட்டு ஏற்பட்டு முறிகிறது என்று பொருள். உலாவியின் அமைப்போ, இணையதளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சேவையின் பிழையோ இதைச் செய்யாது.

இதற்கு ஒரு குறிப்பான காரணம் உண்டு. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். 1999இல் தரப்படுத்தப்பட்ட, 1000 எம்பிபிஎஸ் வேகமுள்ள ஜிகாபிட் முறைக்கோ எட்டும் வேண்டும். ஆனால் வேகம் பற்றிய முதல் பேச்சு அந்த நான்கு கம்பிகளிலேயே நடந்து முடிந்துவிடும். ரவுட்டரும் மடிக்கணினியும் ஜிகாபிட் வகையாக இருந்து, மற்ற நான்கில் ஒன்று அறுந்திருந்தால், இரண்டும் ஜிகாபிட்டுக்கு ஒப்புக்கொண்டு, தொடங்கப் பார்த்து, முடியாமல் விழுந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். சில கருவிகள் தாமாகவே 100க்கு இறங்கிக்கொள்ளும். எல்லாம் அப்படிச் செய்வதில்லை.

எனவே செலவில்லாத சோதனை ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மடிக்கணினியை இஸ்தோப்புக்குக் கொண்டுபோய், வேலை செய்வது உறுதியான ஒரு குறுகிய கேபிளால் ரவுட்டரோடு நேரடியாக இணையுங்கள். ரவுட்டர் வாங்கிய பெட்டிக்குள் பெரும்பாலும் அப்படியொன்று பிரிக்கப்படாமலே கிடக்கும். இணைப்பு வந்துவிட்டால் மடிக்கணினியும் ரவுட்டரும் நல்லவை, குற்றவாளி கூரை மரத்தோடு ஓடும் கேபிள். வராவிட்டால், அதே குறுகிய கேபிளை ரவுட்டரின் அடுத்த வாயில் செருகிப் பாருங்கள். அப்போது வந்தால் பழைய வாய் கருகியிருக்கிறது. மற்ற வாயைப் பாவித்துக்கொண்டு வேலையைத் தொடரலாம். இங்கே ஒரு எச்சரிக்கை: சில 4ஜி ரவுட்டர்களில் ஒரு வாய் ‘வான்’ (WAN) என்று குறிக்கப்பட்டிருக்கும். அது வெளியிலிருந்து இணையத்தை உள்ளே எடுப்பதற்கான வாய் என்பதால், அதில் செருகினால் விளக்கு அழகாக எரியும், இணையம் மட்டும் வராது. எந்த வாயிலும் வராவிட்டால், அயல்வீட்டுப் பிள்ளையின் மடிக்கணினியைப் பத்து நிமிடம் இரவல் வாங்கி அதே கேபிளில் மாட்டிப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் பழுது ரவுட்டரில். அதில் வந்தால்தான் உங்கள் மடிக்கணினியின் மீது சந்தேகம் திரும்ப வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிச் சரிவந்தால், எது பழுது என்பது தெரியாமலே போய்விடும்.

உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துப் பந்தயம் கட்டச் சொன்னால் நான் கேபிளின் மீதே கட்டுவேன். மலைநாட்டில் இந்தக் கேபிள்கள் படும் பாடு தனி. பனிமூட்டத்தின் ஈரம் முனைகளிலுள்ள உலோகத் தகடுகளில் படிந்து பச்சை பூக்க வைக்கும். கூரைத் தகரத்தின் விளிம்பு காற்றில் உராய்ந்து உறையை அறுக்கும். எலிக்கு அது பிடித்தமான பண்டம். வீட்டுக்குள் பாவிக்கவென்று செய்த சாம்பல் நிறக் கேபிளைக் கூரைக்கு வெளியே இழுத்திருந்தால், வெயிலில் உறை வெடித்து மழைநீர் உள்ளே இறங்கும். மலிவுக் கேபிள்களில் செம்புக்குப் பதிலாகச் செம்பு பூசிய அலுமினியக் கம்பி இருப்பதுண்டு. அது வளைத்த இடத்தில் எளிதில் முறியும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 100 மீற்றர் வரை அனுமதி உண்டு, உங்களுடையது 15 மட்டுமே.

முனையைக் கழற்றிப் பாருங்கள். பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தால், முனை ஒரு மில்லிமீற்றர் பின்வாங்கினாலே தொடர்பு போய்விடும். தகடுகள் கறுத்திருந்தால் சுரண்டித் துடைப்பதை விட, முனையை வெட்டியெறிந்து புதியது போடுவதே நிலையான தீர்வு. கிரிம்ப் செய்ய, அதாவது கம்பிகளை முனைக்குள் வைத்து அழுத்திப் பொருத்தத் தெரிந்தவரிடம் கொடுக்கும்போது நிற வரிசையையும் சொல்லிக் கொடுங்கள். தகடுகள் மேலேயும் கிளிப் கீழேயும் கேபிள் உங்கள் பக்கமாகவும் இருக்கப் பிடித்தால், இடமிருந்து வலமாக வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம் என்று வர வேண்டும். இரு முனையிலும் இதே வரிசைதான். ‘இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் போதும், எந்த நிறம் எங்கே போனால் என்ன’ என்று சிலர் செய்துகொடுப்பார்கள். அப்படிச் செய்தால் முறுக்கிய சோடிகள் பிரிந்து, எட்டு விளக்குச் சோதனைக் கருவியில் எல்லாம் சரியென்று காட்டினாலும், உண்மையான வேலையில் தரவு சிதையும்.

கேபிளை மாற்றும் வரை சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. விண்டோஸின் டிவைஸ் மனேஜரில் கேபிள் இணைப்புக்குரிய அடாப்டரைத் திறந்து, அட்வான்ஸ்ட் பகுதியில் ‘ஸ்பீட் அன்ட் டுப்ளெக்ஸ்’ என்பதை 100 எம்பிபிஎஸுக்குக் குறைத்துப் பாருங்கள். விளக்கு உடனே நிலைத்துவிட்டால், ஜிகாபிட்டுக்கு மட்டும் தேவையான கம்பிகளில் பழுது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அதை நிரந்தரமாக அப்படியே விட்டுவிடாமல், புதிய கேபிள் வந்ததும் மீண்டும் ‘ஆட்டோ’வுக்கு மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் வேகத்தைக் கட்டாயப்படுத்தினால், மறுபக்கம் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இணைப்பு மந்தமாகிவிடக்கூடும்.

விளக்கு நிலையாக எரிந்தும் அதே செய்தி வந்தால் மட்டுமே மென்பொருள் பக்கம் போக வேண்டும். விண்டோஸின் செட்டிங்ஸில் ஈதர்நெட் பகுதியைத் திறந்து ஐபி முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடம் முகவரி கேட்டும் பதில் கிடைக்காததால், மடிக்கணினி தனக்குத் தானே சூட்டிக்கொண்ட எண் அது. இந்த நிலையில் விண்டோஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே, கரண்ட் போய் வந்த உடன் கேபிளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிராமல், ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போட்டு, அது முழுதாக எழும்பிய பின் பாருங்கள். தொலைபேசியின் வைபை விபரத்தில் காணும் முகவரியோடு ஒப்பிடுவதும் நல்லது. பெரும்பாலான வீடுகளில் புள்ளிகளால் பிரிக்கப்பட்ட முதல் மூன்று எண்களும் இரண்டிலும் ஒன்றாக இருக்கும். முற்றிலும் வேறாக இருந்தால், அலுவலகத்துக்காக யாரோ கையால் போட்ட நிலையான முகவரி உங்கள் கணினியில் தங்கியிருக்கலாம். அதைத் தானியங்கி முறைக்கு மாற்றினால் போதும். முகவரி சரியாகவும் இணையம் இல்லாமலும் இருந்தால், அலுவலக வலையமைப்போடு பாதுகாப்பாக இணைய நிறுவனம் தந்த விபிஎன் மென்பொருள் இருந்தால், அதைச் சற்று நிறுத்திப் பாருங்கள். நெட்வொர்க் ரீசெட்டைக் கடைசிக்கு வையுங்கள். அது எல்லா இணைப்பு அமைப்புகளையும் துடைத்துவிடுவதால், வைபை கடவுச்சொல்லையும் விபிஎன் விபரங்களையும் மீண்டும் கொடுக்க வேண்டி வரும்.

அடுத்த இடிமழையையும் இப்போதே கணக்கில் எடுங்கள். நமது பகுதியில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வழக்கமானது. மின்னல் உங்கள் கூரையில் விழ வேண்டியதில்லை. அருகில் விழுந்தாலே, கூரையோடு நீளமாக ஓடும் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு இரு முனையிலும் உள்ள கருவிகளைத் தாக்கும். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது மின்கசிவிலிருந்து ஆளைக் காப்பதற்கானது. மின்னல் அலையைத் தடுக்கும் பாதுகாப்பு வேறு. அந்தப் பாதுகாப்புள்ள பிளக் பலகையில் ரவுட்டரின் மின்வயரைச் செருகியிருந்தாலும், லேன் கேபிள் வழியே வருவதை அது பார்ப்பதில்லை. வானம் கறுக்கும்போதே ரவுட்டரின் மின்வயரையும் கேபிளின் இரு முனைகளையும் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேலே முழங்கத் தொடங்கிய பின் அவற்றைத் தொட வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு பழுது மடிக்கணினியின் கேபிள் வாயில்தான் என்று உறுதியானாலும் மதர்போட் மாற்றத் தேவையில்லை. யூஎஸ்பி வாயில் செருகி லேன் கேபிளை ஏற்கும் சிறிய அடாப்டர், நுவரெலியா, ஹட்டன் போன்ற நகரங்களின் கணினிக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். விலை மதர்போட்டோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. கேட்கும்போது யூஎஸ்பி 3 ஜிகாபிட் வகையைக் கேளுங்கள். அது இல்லாமல் 100 எம்பிபிஎஸ் வகை மட்டும் இருந்தாலும் தயங்காமல் வாங்கலாம். ஜன்னலோர 4ஜி ரவுட்டர் கொடுக்கும் வேகத்துக்கும் கணக்கு வேலைக்கும் அதுவே தாராளம். கடையிலேயே உங்கள் மடிக்கணினியில் செருகி, விளக்கு நிலையாக எரிகிறதா என்று பார்த்த பின்னர் பணத்தைக் கொடுங்கள்.