அரங்கில் நேரடி வாக்கெடுப்பு: வாசகர் கேள்விகள்

எங்கள் கல்வி மாநாட்டுக்கு 300 ஆசிரியர்கள் வருகிறார்கள். சென்ற முறை செல்போனில் வாக்களிக்கச் சொன்னபோது பாதிப் பேருக்குப் பக்கமே திறக்கவில்லை. இணைய வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடுமா?

வேகத்துக்காகச் செலவழிக்காதீர்கள். ஒரு வாக்குக்குப் போகும் டேட்டா மிகமிகக் குறைவு. 300 போன்கள் ஒரே நிமிடத்தில் வைஃபைக்குள் நுழையப் பார்ப்பதுதான் சிக்கல். ஒரு அக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டி) 30 முதல் 50 போன்கள் வரை திணறாமல் தாங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் உங்களுக்கு ஆறிலிருந்து பத்து வரை தேவை. அவற்றை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடவிடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான்.

அடுத்தது ஐபி முகவரி, அதாவது வைஃபையில் சேரும் ஒவ்வொரு போனுக்கும் ரவுட்டர் தரும் எண். வழக்கமான ரவுட்டர் அமைப்பில் சுமார் 250 முகவரிகள்தான் கிடைக்கும். 251ஆவது ஆளின் போனில் வைஃபை சின்னம் சுற்றிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, காலை அமர்வுக்கு வந்து கிளம்பிவிட்டவர்களின் போன்களும் முகவரியைப் பிடித்துவைத்திருக்கும். ஒரு போனுக்கு முகவரியை ஒதுக்கிவைக்கும் காலம் (லீஸ் நேரம்) பல ரவுட்டர்களில் 24 மணி நேரம் என்று இருக்கிறது. அதை ஒரு மணி நேரமாகக் குறைக்கச் சொல்லுங்கள், முகவரி வரம்பையும் இரட்டிப்பாக்கச் சொல்லுங்கள். ஓடிபி கேட்கும் நுழைவுப் பக்கம் இருந்தால் அன்றைக்கு மட்டும் அதை எடுத்துவிடுவது நல்லது.

பலரும் கவனிக்காத இன்னொன்று: சில வாக்கெடுப்புக் கருவிகளில் ‘ஒரு ஐபிக்கு ஒரு வாக்கு’ என்ற அமைப்பு உண்டு. அரங்கின் வைஃபையில் இருக்கும் எல்லோரும் வெளியுலகுக்கு ஒரே ஐபியாகத்தான் தெரிவார்கள். முதல் ஆளின் வாக்கு விழும், மற்றவை போய்விடும். அதை அணைத்துவையுங்கள். மொபைல் டேட்டா உள்ளவர்கள் அதிலேயே வாக்களிக்கட்டும். ஆனால் அரங்கின் கதவுகளை மூடி, நடுவரிசையில் உட்கார்ந்து சிக்னலை முன்கூட்டியே சோதியுங்கள். மேடை லேப்டாப்புக்கு வைஃபையே வேண்டாம், லேன் கேபிள் போடுங்கள்.

பின்வரிசையில் இருப்பவர்களுக்கு க்யூஆர் கோடு ஸ்கேன் ஆகவில்லை. ஏன்?

கோடின் அகலம், பார்க்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். கடைசி வரிசை 20 மீட்டரில் இருந்தால் 2 மீட்டர் அகலக் கோடு தேவை. பெரும்பாலான திரைகளில் அதற்கு இடமே இருக்காது. ஆகவே 5 சென்டிமீட்டர் அளவில் நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிட்டுக் கொடுங்கள், கையில் வைத்து ஸ்கேன் செய்ய அது தாராளம். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு க்யூஆர், சுற்றிலும் வெள்ளை ஓரம். லோகோவோ பூ அலங்காரமோ வேண்டாம். முகவரி குறுகியதாக இருந்தால் கட்டங்கள் குறையும், கேமராவும் சட்டென்று படிக்கும். ஸ்கேன் வராதவர்களுக்காக முகவரியையும் எண் குறியீட்டையும் திரையில் பெரிய எழுத்தில் போட்டு, ஒவ்வொரு கேள்வி ஸ்லைடிலும் விட்டுவையுங்கள். தாமதமாக வருபவர்கள் எப்போதும் உண்டு.

எப்படிப்பட்ட கேள்வி கேட்டால் அரங்கம் விழித்துக்கொள்ளும்?

விடை எப்படி வந்தாலும் பேச்சாளர் தன் அடுத்த ஸ்லைடுக்குத்தான் போகப்போகிறார் என்றால் அந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம். ‘தொழில்நுட்பம் கல்விக்கு அவசியமா?’ போன்றவை அப்படிப்பட்டவை. ‘ஆம்’ என்று 95 சதவீதம் வரும், அதன்பின் பேச ஒன்றும் இருக்காது.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1991 முதல் கையாண்டுவரும் முறை மாநாட்டுக்கும் அப்படியே பொருந்தும். ஒரு உதாரணம்: ‘வகுப்புச் சராசரி 50இலிருந்து 60 ஆனது. மாணவர்களில் பெரும்பாலோர் முன்னேறிவிட்டார்கள் எனலாமா?’ விடைகள்: அ) எனலாம், ஆ) இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, இ) மாணவர் எண்ணிக்கையும் தெரிந்தால் சொல்லிவிடலாம். ஒரு நிமிடம் யாரும் பேசாமல் யோசிக்கட்டும். பிறகு வாக்கு. முடிவைத் திரையில் காட்டாமல் நீங்கள் மட்டும் பாருங்கள். சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் கருத்தை மறுபடி விளக்க வேண்டும். 70க்கு மேல் என்றால் இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொண்டு நகரலாம். இடையில் இருந்தால்தான் விருந்து: வேறு விடை சொன்ன பக்கத்து இருக்கைக்காரரோடு மூன்று நிமிடம் வாதாடச் சொல்லி, மறுபடி வாக்கெடுங்கள். அதன்பின் 40 பேர் வகுப்பில் 10 பேர் மட்டும் ஆளுக்கு 40 மதிப்பெண் கூடுதலாக வாங்கி, மீதி 30 பேர் இருந்த இடத்திலேயே இருந்தாலும் சராசரி 10 கூடும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

முடிவை மறைப்பது மிக முக்கியம். வாக்கு விழ விழப் பட்டை உயர்வது தெரிந்தால், யோசித்துக்கொண்டிருப்பவர்கள் உயரமான பட்டையின் பக்கம் போய்விடுவார்கள். பல கருவிகளில் நேரலை முடிவு தானாகவே திரைக்கு வரும். அமைப்பில் போய் அணைக்க வேண்டும். மேலதிகாரிகளும் உட்கார்ந்திருக்கும் அரங்கில் பெயர் கேட்காதீர்கள். பெயர் கேட்டால் உண்மை வராது.

முதல் கேள்விக்கு உள்ளே நுழையும் நேரமும் சேர்த்து 90 விநாடி கொடுங்கள். அடுத்தடுத்த வாக்குகளுக்கு 30 போதும்.

மேடையில் கேள்வியைத் திறந்ததுமே ஏழு வாக்குகள் விழுந்திருந்தன!

ஒத்திகை வாக்குகள். சோதனை முடிந்ததும் முடிவுகளை ரீசெட் செய்யுங்கள். இலவசக் கணக்கில் பங்கேற்பாளர் வரம்பு எத்தனை என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள், ஐந்து போன்களோடு செய்யும் ஒத்திகையில் அது வெளிப்படாது.

சொல் மேகம் போட்டால் எல்லாச் சொற்களும் ஒரே அளவில் சின்னதாகவே வருகின்றன.

சொல் மேகத்தில் அதிகம் பேர் தட்டிய சொல்தான் பெரிதாகத் தெரியும். ஆனால் ‘மாணவர்’, ‘மாணவர்கள்’, ‘மாணவருக்கு’ மூன்றும் கருவிக்கு மூன்று தனிச் சொற்கள். ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் நான்காவது வகை. விடைகள் சிதறிப்போவதால் எதுவும் பெரிதாகாது. சிறு குழுவில் ஒருவர் பின்னால் உட்கார்ந்து ஒத்த விடைகளைச் சேர்த்துக்கொடுக்கலாம். பெரிய அரங்கில் ஐந்து விடைகள் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே மேல். சொல் மேகம்தான் வேண்டுமென்றால், ‘கொ’, ‘பௌ’ போன்ற எழுத்துகள் உடையாமல் வருகின்றனவா என்று மேடை லேப்டாப்பிலேயே பாருங்கள். கெட்ட வார்த்தை வடிகட்டியைத் தமிழுக்கு நம்ப வேண்டாம், ஒருவர் படித்து அனுமதித்த பிறகே திரைக்குப் போகட்டும்.

பங்கேற்பாளர் போன்களே இல்லாமல் செய்ய வழி உண்டா?

பிளிக்கர்ஸ் அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் தனி வடிவம் ஒன்று அச்சாகியிருக்கும். எந்தப் பக்கம் மேலே வருகிறதோ அதுவே ஏ, பி, சி அல்லது டி. நடத்துபவர் ஒரே ஒரு போனின் கேமராவை அரங்கத்தின் குறுக்கே மெல்ல நகர்த்தினால் போதும். பெரிய தொகுப்பில் 63 அட்டைகள்தான் என்பதால் 300 பேருக்கு ஆளுக்கொன்று தர முடியாது. ஆறு பேர் மேசைக்கு ஒரு அட்டை என்றால் 50 அட்டைகள் போதும், விடையை ஒப்புக்கொள்ள அந்த ஆறு பேரும் பேசியாக வேண்டும் என்பது கூடுதல் லாபம். பளபளப்பாக லேமினேட் செய்யாதீர்கள், விளக்கொளி பட்டால் கேமரா படிக்காது. விரல் வடிவத்தின்மேல் விழாமல் ஓரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள்.

‘80 சதவீத ஆசிரியர்கள் ஆதரவு’ என்று மாநாட்டு அறிக்கையில் எழுதலாமா?

எழுதக் கூடாது. 300 பேரில் 90 பேர் வாக்களித்திருந்தால் அந்த 80 சதவீதம் என்பது 72 பேர். ‘வாக்களித்த 90 பேரில் 72 பேர்’ என்று எழுதுங்கள், கேள்வியின் முழு வாசகத்தையும் சேருங்கள். பெயர் கேட்காத வாக்கெடுப்பில் ஒருவரே வேறொரு பிரவுசரில் திறந்து இன்னொரு முறை வாக்களிக்கவும் முடியும் என்பதால், தீர்மானம் நிறைவேற்ற இதைப் பயன்படுத்தாதீர்கள்.