கேட்டது ஒன்று, தேவை வேறொன்றாக இருக்கலாம்

நூலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், சர்க்கரை நோய் பற்றிப் புத்தகம் கேட்டவரை 616 எண் அலமாரிக்கு அனுப்பினேன், வெறுங்கையோடு போய்விட்டார், எங்கே தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். அலமாரி சரிதான், புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி முறையில் நோய்கள் அங்கேதான். ஆனால் அவருக்கு வேண்டியது மருத்துவ விளக்கமா, சாப்பாட்டுக் கட்டுப்பாடா, சமையல் குறிப்பா என்று உங்களுக்குத் தெரியாதே! உணவுமுறை என்றால் 613, சமையல் என்றால் 641, மூன்றும் வேறு வேறு இடம்.

முக்கால்வாசிப் பேர் தங்கள் கேள்வியைச் சுருக்கித்தான் கேட்பார்கள், நம்மைத் தொந்தரவு செய்கிறோமோ என்ற தயக்கம். அதனால் எண்ணைச் சொல்வதற்கு முன் "இதில் குறிப்பாக என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "எதற்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள், விசாரணை மாதிரி ஆகிவிடும், அதுவும் உடல்நலம் சார்ந்த விஷயத்தில் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசுவது மிக மிக முக்கியம். யாருக்கு நோய் என்பது நமக்குத் தேவையில்லை.

அப்புறம் கையைக் காட்டி அனுப்பாமல் கூடவே போங்கள். ஒன்றிரண்டு புத்தகத்தின் பொருளடக்கத்தைத் திறந்து காட்டினாலே இது வேண்டும், அது வேண்டாம் என்று அவரே சொல்லிவிடுவார். மருத்துவ நூல் என்றால் பதிப்பு ஆண்டையும் பாருங்கள், பழையது ஆபத்து. உங்களிடம் இல்லையென்றால் "இல்லை" என்பதோடு நிறுத்தாமல் வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். கிளம்பும்போது "தேடினது கிடைச்சுதா?" என்று கேட்டால் அடுத்த முறை நேராக உங்களிடமே வருவார்.