பரணில் ஏறிய டம்பெல்

கேள்வி: எனக்கு வயது 28. இரண்டு வருடமாகக் கும்பகோணத்தில் ஜிம்முக்குப் போகிறேன். 50 கிலோ வரை டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிரும் பயிற்சி) செய்வேன். இப்போது 10 வாரக் கர்ப்பம். 20 கிலோவே மலையாகக் கனக்கிறது. மதியம் இரண்டு மணிக்கெல்லாம் கண் சொருகுகிறது. என் மாமியார், வீட்டிலிருந்த டம்பெல்களைப் பரணில் ஏற்றிவிட்டார். பயிற்சியாளரோ, 'விட்டால் பலம் போய்விடும்' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, பாபநாசம்

பதில்: இருவரையும் கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுங்கள். கிலோக் கணக்கெல்லாம் எழுதியவர் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எழுதவில்லையே! அது 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை; முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும். தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

இரண்டும் சரியென்றால், இந்தத் தூக்கம் பெரும்பாலும் கர்ப்பத்தில் அதிகமாகச் சுரக்கும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோனின் வேலை. என் மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்குத் திருவாரூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. ஓர் அம்மாவின் கையில் பி.பி. பட்டையைச் சுற்றிவிட்டு அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். "டாக்டரம்மா, கை மரத்துப்போச்சு" என்று அவர்தான் எழுப்பினார். நான்காம் மாதத்தில் தானாகத் தெளிந்தது. பலருக்கும் அப்படித்தான்.

உங்களுடையது பழகிய உடம்பு. கர்ப்பத்தில் சிக்கல் இல்லை, உங்கள் டாக்டரும் சம்மதிக்கிறார் என்றால் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் எடையை உடம்பு சொல்லட்டும். பயிற்சிக்கு நடுவே சாதாரணமாகப் பேச முடிய வேண்டும். வார்த்தை திணறினால் அன்றைக்கு அது அதிகம். மூச்சை அடக்கி முக்காதீர்கள், தூக்கும்போது வெளியே விடுங்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்கிற பெஞ்ச் பிரஸ் வேண்டாம். கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றும். கண் சொருகுகிற நாளில் ஜிம்மை விட்டுவிட்டுத் தூங்குங்கள். நாலு நாளில் பலம் எங்கும் ஓடிவிடாது.

'நாங்கள் நிறைமாதத்திலும் நடவு நட்டோம்' என்று யாராவது வந்து சொல்வார்கள். அது பயிற்சி இல்லை, அரை வயிற்றோடு பார்த்த கூலி வேலை. ரத்தசோகையால் வெளுத்த அந்தப் பெண்களின் இமைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், காப்பி. கும்பகோணம் பக்கத்துக்காரரிடம் அதை விடச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு சின்ன டம்ளரோடு நிறுத்துங்கள். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியதும் அதற்கும் காப்பிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாக உடம்பில் சேரும். கால்சியம் மாத்திரை வேறு வேளைக்கு.

ரத்தக்கசிவு, நீர்க்கசிவு, விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, மயக்கம், நெஞ்சுவலி, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம் – இதில் எது வந்தாலும் பயிற்சியை அங்கேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டம்பெல்லை எடுக்க நீங்கள் ஸ்டூல் போட்டு ஏறாதீர்கள். வீட்டுக்காரரை இறக்கித் தரச் சொல்லுங்கள். மாமியாரிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டிய பிறகு.