கச்சேரியா, டிஜேவா, கானாவா?

அன்புள்ள ஐயா,

ஐப்பசியில் என் தம்பிக்குக் கல்யாணம். வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். மண்டபம் தண்டையார்பேட்டையில், மாடியில் ரிசப்ஷன் ஹால், கீழே சாப்பாடு. அறுநூறு பேர் வருவார்கள். மெல்லிசைக் கச்சேரி வைத்தே ஆகவேண்டும் என்கிறார் அப்பா. தம்பியும் கூட்டாளிகளும் டிஜே கேட்கிறார்கள். "நம்ம வீட்டுக் கல்யாணத்துல கானா இல்லாமலா?" என்று தாய்மாமா முறுக்கிக்கொண்டு நிற்கிறார். இதற்கு நடுவில் மண்டபக்காரர், சினிமாப் பாட்டுப் போட லைசென்ஸ் பணம் தனி என்கிறார். மூன்றுக்கும் செலவழிக்கத் தெம்பில்லை. எதை விடலாம்?

க., பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள க.,

முதலில் அன்றைய மாலையை மணிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். அறுநூறு பேர் என்றால் நாலு நாலு பேராக நூற்றைம்பது குடும்பம். ஒரு குடும்பம் மேடையேறி, மொய்க் கவர் கொடுத்து, போட்டோவுக்கு நின்று இறங்க 40 வினாடி. மொத்தம் 100 நிமிடம். வேலை முடிந்து வருகிற கூட்டம் ஏழரைக்குத்தான் சேரும் என்பதால் வரிசை ஓய ஒன்பதே கால் ஆகிவிடும். அதுவரை தம்பி மேடையை விட்டு அசைய முடியாது. மாப்பிள்ளை இல்லாமல் அவன் கூட்டாளிகளும் ஆட மாட்டார்கள். நாலு மணி நேரத்துக்கு டிஜேவைப் பேசினால், அதில் மூன்று மணி நேரம் அவர் பார்ப்பது ஒரு பென் டிரைவே பாட்டுப் போட்டு முடித்துவிடுகிற வேலைதான். ஆட்டத்துக்கு மிஞ்சுவது ஒன்பதே காலுக்கும் பத்துக்கும் நடுவில் முக்கால் மணி நேரம்.

அந்த வரிசை நேரம் கச்சேரிக்குத் தோதானது. காத்திருப்பவர்களும் நாற்காலியில் உட்கார்ந்த பெரியவர்களும் கேட்பார்கள். ஏழு மணி முதல் ஒன்பதே கால் வரை, நடுவில் பத்து நிமிட இடைவெளி விட்டால் இருபத்தைந்து பாட்டு வரும். ஆகவே என் கணக்கில் விடவேண்டியது டிஜேவின் முழு பேக்கேஜை மட்டும். டிஜேவைக் கடைசி ஒரு மணி நேரத்துக்குத் தனியாகப் பேசுங்கள். கச்சேரிக்கு வருகிற அதே சவுண்ட் செட்டில் அவர் லேப்டாப்பைச் செருகிக்கொள்ளட்டும். தனி ஸ்பீக்கர், தனி லைட் எல்லாம் வேண்டாம்.

இது நடக்க மிக்ஸரில், அதாவது எல்லா மைக்கையும் கருவியையும் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டியில், இடம் வேண்டும். பாடகர்கள் மூவர், தொகுப்பாளர் ஒருவர் என மைக் நாலு. கீபோர்ட் இரண்டுக்கு நாலு லைன், ரிதம் பேடுக்கு (தட்டினால் டிரம்ஸ் சத்தம் தரும் மின்னணுப் பலகை) இரண்டு, தபேலாவுக்கு இரண்டு, டோலக்குக்கு இரண்டு, பேஸ் கிடார், லீட் கிடார், புல்லாங்குழல் தலா ஒன்று: பதினேழு. டிஜேவுக்கு இரண்டு சேர்த்தால் பத்தொன்பது. சவுண்ட் சர்வீஸ்காரரிடம் 24 சேனல் மிக்ஸர் கேளுங்கள். 16 சேனலைக் கொண்டுவந்து "சமாளிச்சிக்கலாம்" என்றால், டோலக்கின் இரண்டு பக்கமும் ஒரே மைக்குக்குப் போகும். தடித்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் கேட்காது, மெல்லிய ஒலி தரும் வலந்தலைப் பக்கம் மட்டும் டக்டக் என்று அடிக்கும். கச்சேரிக் குழு சொல்கிற தொகையில் சவுண்ட் சேர்த்தியா என்பதையும் முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சேர்த்தி இருக்காது.

டிரம்ஸ் வேண்டுமா என்பதைக் கூரை சொல்லும். கூரை 12 அடிக்குக் குறைவாக, சுவரெல்லாம் டைல்ஸாக இருந்தால் உண்மையான டிரம்ஸ் வேண்டாம். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித் திரும்பி வந்து பாடகர் குரலை மூடிவிடும். சத்தத்தைக் குறைக்கவும் வழியில்லை, அதில்தான் வால்யூம் திருகு கிடையாதே. ரிதம் பேட் போதும்.

குழுவுக்கு மணமக்கள் மேடையில் இடம் கேட்காதீர்கள். பக்கவாட்டில் 16 அடிக்கு 12 அடி, இரண்டடி உயரத்தில் தனி மேடை போடச் சொல்லுங்கள். இங்கேதான் வழக்கமாகக் காரியம் கெடும். மேடை அலங்காரம் செய்பவர் காலையிலேயே வந்து முன்பக்கம் முழுவதும் பூ ஸ்டாண்டு வைத்துவிடுவார். சவுண்ட்காரர் வேறு வழியில்லாமல் ஸ்பீக்கரைப் பாடகருக்குப் பின்னால் தள்ளுவார். ஸ்பீக்கர் சத்தத்தை மைக்கே மறுபடி வாங்கி 'கூ' என்று கூவும். கூவாமலிருக்கக் குரலைக் குறைப்பார்கள், பாட்டு யாருக்கும் கேட்காது. மைக் நிற்கும் கோட்டுக்கு முன்னால் ஸ்பீக்கர் என்பதை இருவரையும் ஒன்றாக நிற்கவைத்துச் சொல்லிவிடுங்கள்.

ஹால் 80 அடி நீளமென்றால் முன்னால் இரண்டு பெட்டியை வைத்து அலறவிடுவது தப்பு. முன்வரிசைத் தாத்தா காதைப் பொத்துவார், பின்வரிசை ஊர்க்கதை பேசும். நாற்பதாவது அடியில் இரண்டு சின்னப் பெட்டி வைத்து, அவற்றுக்கு 35 மில்லிசெகண்ட் தாமதம் கொடுக்கச் சொல்லுங்கள். முன் ஸ்பீக்கரின் ஒலி அந்த தூரத்தைக் கடக்க ஆகும் நேரம் அது. தாமதம் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். பேஸ் பெட்டியைத் தரையில் வைத்து முழுதாகத் திறந்தால் கீழே சாம்பார் வாளி அதிரும். மாடி ஹால் என்பதை மறக்க வேண்டாம்.

கரண்ட் விஷயம். அலங்கார லைட்டும் சவுண்டும் ஒரே லைனில் இருந்தால் லைட் மங்கி எரியும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'ர்ர்' என்று இரையும். சவுண்டுக்குத் தனி ஃபேஸ், அதாவது தனி கரண்ட் லைன், கேளுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கச் சில வினாடிதான், ஆனால் டிஜிட்டல் மிக்ஸர் மறுபடி உயிர்பெற ஒரு நிமிடமாவது பிடிக்கும். மிக்ஸருக்கும் லேப்டாப்புக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று போதும். ஆம்ப்ளிஃபயரை அதில் மாட்டக்கூடாது, தாங்காது.

மாமாவிடம் வருவோம். கானாவுக்குத் தனிக் குழு வேண்டியதில்லை. பாடகரையும் அவருடைய டோலக்காரரையும் மட்டும் பேசுங்கள், ஒன்பதே காலுக்கு மூன்று பாட்டு, பிறகு டிஜே. கச்சேரி டோலக்காரர் இருக்கிறாரே என்று மிச்சம் பிடிக்க வேண்டாம். சினிமாப் பாட்டுக்குப் பழகிய கைக்குக் கானாவின் நடை சட்டென்று வராது. இல்லை, முதல் நாள் இரவு வீட்டு வாசலில் சாமியானா போட்டுத்தான் பாடவேண்டும் என்றால், போலீஸ் அனுமதி எழுதி வாங்குங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய மண்டபத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. மாப்பிள்ளை ஊர்வலம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கமோ ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி பக்கமோ போவதானால் பேண்டு செட் வாசிப்பதை அங்கே நிறுத்திவிடுங்கள்.

மண்டபக்காரர் கேட்கும் லைசென்ஸ் பணம்: 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம், பிரிவு 52(1)(இசட்ஏ). கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தை ஒட்டிய விருந்து விழாக்களிலும் பாட்டுப் பாடுவதும் போடுவதும் பதிப்புரிமை மீறல் ஆகாது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதை நினைவூட்டிப் பொது அறிவிப்பே வெளியிட்டது. அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

முன்பணம் கொடுக்கும்போது ரசீதில் எத்தனை பேர் வருவார்கள், பாடுவது யார் யார், கரோக்கி டிராக்கில் பாடுவார்களா என்று எழுதி வாங்குங்கள். வீடியோவில் பதினைந்து பேரைக் காட்டிவிட்டு ஆறு பேரும் ஒரு லேப்டாப்புமாக வந்து இறங்குவது சாதாரணம். துண்டுச்சீட்டில் பாட்டுக் கேட்கும் சொந்தக்காரர்களுக்கும், மைக் கேட்கும் சித்தப்பாக்களுக்கும் பதில் சொல்ல உங்கள் தரப்பில் ஒருவரை மேடையருகே நிறுத்துங்கள். அந்த வேலையைத் தொகுப்பாளர் தலையில் கட்டினால் பாதிக் கச்சேரி அதிலேயே போய்விடும்.

மண்டபம் மதியம் மூன்றுக்குத்தான் கைக்கு வரும் என்றால், ஐந்தே முக்காலுக்குள் சவுண்ட் செக் முடிய வேண்டும். ஐப்பசி மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றித்தான் வரவேண்டும். சவுண்ட் வண்டி புளியந்தோப்புப் பக்கமிருந்து வருவதானால் ஒன்றரைக்கே கிளம்பச் சொல்லிவிடுங்கள்.