தாசில்தார் ஆகிவிட்டேன், இனி?

(வாசகர் கேள்விகளுக்கு, வருவாய்த் துறையில் தட்டச்சராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வுபெற்ற பெண் அதிகாரி பதில் சொல்கிறார்.)

கேள்வி: துணை வட்டாட்சியராக இருந்த அலுவலகத்துக்கே பதவி உயர்வில் தாசில்தாராக வந்திருக்கிறேன். என்னோடு ஒன்றாகப் பணியில் சேர்ந்த இரண்டு பேர் இப்போது எனக்குக் கீழே. நேற்று வரை 'வாடா போடா', இன்று 'சார்'. எனக்குக் கூச்சமாக இருக்கிறது, அம்மா. பழையபடியே கூப்பிடச் சொல்லட்டுமா?
- பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: வேண்டாம் தம்பி. மனு கொடுக்க வந்தவர் எதிரே நிற்கும்போது உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று அவர்களைத் திண்டாட விடாதீர்கள். சாயங்காலம் டீக்கடையில் 'வாடா போடா' இருக்கட்டும், ஃபைல் பேச்சு மட்டும் அங்கே வேண்டாம்.

கூப்பிடுவதைவிடப் பெரிய சங்கடம் வேறு இருக்கிறது. அந்த இருவர் மேசையிலும் எந்தப் பட்டா மாறுதல் மனு தூங்குகிறது, ஏன் தூங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். நண்பராகத் தெரிந்துகொண்டது அது. உங்களுக்குத் தெரியும் என்பது அலுவலகம் முழுக்கத் தெரியும். அதனால் முதல் வாரத்திலேயே எல்லாருடைய தன்பதிவேட்டையும் (ஒவ்வொரு கிளார்க்கும் தன்னிடம் வந்த மனுக்களையும் அவற்றின் நிலையையும் எழுதிவைக்கும் பதிவேடு) வாங்கிப் பாருங்கள். நண்பர்களுடையதை முதலில் பாருங்கள். மற்ற கிளார்க்குகள் அதைக் கவனித்த பிறகு, அவர்களிடம் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.

அப்புறம், உங்கள் அறை வாசல். உள்ளே யார் வரலாம், யார் வெளியே காத்திருக்க வேண்டும் என்பதை டவாலியோ, ஜீப் டிரைவரோ, தினமும் வந்து வணக்கம் வைக்கும் உள்ளூர்ப் பிரமுகரோ முடிவு செய்ய விடாதீர்கள். உங்களைப் பார்க்க முடியாதவர் திங்கள்கிழமை குறைதீர் நாளுக்கு பஸ் ஏறி கலெக்டர் அலுவலகம் போவார். அந்த மனு ஊர் சுற்றி, மேலே ஒரு கடிதத்தோடு உங்கள் மேசைக்கே திரும்பி வரும். வாசலில் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

கேள்வி: முன்பு இருந்த தாசில்தார், கம்ப்யூட்டரில் செருகிக் கையெழுத்திடும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை கம்ப்யூட்டர் ஆபரேட்டரிடமே கொடுத்துவைத்திருந்தாராம். நேரம் மிச்சம் என்கிறார்கள். நானும் கொடுக்கலாமா?
- பெயர் வேண்டாம், தருமபுரி மாவட்டம்

பதில்: கூடாது. கூடவே கூடாது. பேனாக் கையெழுத்தை யாராவது போலியாகப் போட்டால் ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். டோக்கனில் யார் பட்டனை அழுத்தினாலும் அது அச்சு அசல் உங்கள் கையெழுத்துதான். டோக்கனுக்குள் இருக்கும் ரகசிய மின்சாவியைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு கையெழுத்துக்காரருடையது என்று 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-வது பிரிவு சொல்கிறது. விசாரணை வந்தால் 'முன்பு இருந்தவரும் இப்படித்தான் செய்தார்' என்பதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். ஆபரேட்டர் நல்ல பையனாகவே இருக்கலாம், நான் அவரைக் குறை சொல்லவில்லை. தினம் ஒரு நேரம் ஒதுக்கி, சில மனுக்களிலாவது வி.ஏ.ஓ. அறிக்கையைத் திறந்து படித்துப் பார்த்து, நீங்களே கையெழுத்திடுங்கள்.

கேள்வி: சேர்ந்த முதல் மாதமே கோயில் தேர்த் தகராறுக்கு அமைதிப் பேச்சுவார்த்தை நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு தரப்பிலும் வயதான ஆண்கள். 'அம்மாவுக்கு ஊர் வழக்கம் தெரியாது' என்று இப்போதே பேசிக்கொள்கிறார்கள்.
- புதிய பெண் தாசில்தார், மதுரை மாவட்டம்

பதில்: தெரிந்துகொண்டு போய் உட்காருங்கள், அம்மா. முந்தைய வருஷக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் ஃபைலில் இருக்கும். தேர் எந்தத் தெரு வழியாகப் போனது, முதல் மரியாதை யாருக்கு, அப்போது யார் யார் கையெழுத்திட்டார்கள் என்று முதல் நாள் ராத்திரியே படித்துவிடுங்கள். 'வழக்கம் இதுதான்' என்று ஒருவர் சத்தம் போடும்போது, அவர் கையெழுத்து இருக்கும் பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் போதும். இரண்டு தரப்புக்கும் ஒரே மாதிரி நாற்காலி, ஒரே எண்ணிக்கையில் போடச் சொல்லுங்கள். இது சின்ன விஷயம் இல்லை, நாற்காலியிலேயே கூட்டம் கலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் உடன் இருக்கட்டும், பேசுவது நீங்களாக இருங்கள்.

தடையுத்தரவு போடும் அதிகாரம் நிர்வாக நடுவர் என்ற முறையில் உங்களுக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144-வது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 163-வது பிரிவு. அதை முதல் கூட்டத்திலேயே எடுத்துக் காட்டாதீர்கள். ஒத்துக்கொண்டதை அங்கேயே எழுதி, வாசித்துக் காட்டி, அவர்கள் எழுந்திருக்கும் முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள். கேட்டுக்கு வெளியே நிற்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டால் பேச்சு மாறும்.